எத்தனை கே.வி.ஏ.? நம்ம பக்கம் கரண்டு வந்த வரலாறும் ஜெனரேட்டர் கணக்கும்



மலருக்குக் கட்டுரை எழுதுங்கன்னு சொன்னதும், குழு ஆரம்பிச்ச கதையையும் கடன் வாங்கி முன்னேறின கதையையும் மத்த அக்காங்க எழுதுவாங்கன்னு தெரியும். அதனால நான் வேற ஒரு வரலாறு எழுதுறேன். நம்ம திருத்தணி பக்கத்துக்குக் கரண்டு வந்தது, நடுவுல போனது, அப்போ ஜெனரேட்டர் வாங்கினவங்க பட்ட பாடு. இதை எழுத ஒரு காரணம் இருக்கு. நம்ம குழுக்கள்ல மசாலா அரைக்கிறவங்க, தையல் கொட்டகை வச்சிருக்கிறவங்க, விசைத்தறி ஓட்டுறவங்கன்னு மூணு வகையும் உண்டு. மூணு பேரும் கூட்டத்துல கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: “ஜெனரேட்டர் வாங்கினா எத்தனை கே.வி.ஏ. வாங்கணும்?” கடைக்காரர் ஒண்ணு சொல்றார், எலெக்ட்ரீஷியன் ஒண்ணு சொல்றார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொண்ணு சொல்றார். வங்கிக் கடன்ல வாங்குற பொருள் இது. அளவு தப்பினா மிஷின் ஓடாது, தவணை மட்டும் ஓடும்.

குதிரையும் செக்கு மாடும்

‘எத்தனை பெருசு வேணும்?’ங்கிற கேள்வி இருநூறு வருஷத்துக்கு மேல பழசு. இங்கிலாந்துல ஜேம்ஸ் வாட் என்பவர் நீராவி இன்ஜினைத் திருத்தி நல்லபடியா ஓடவச்சார். 1770, 1780-கள்ல அவரும் மேத்யூ போல்ட்டனும் சேர்ந்து இன்ஜின் விற்றாங்க. வாங்க வந்தவங்க சுரங்கக்காரங்க, மில்காரங்க. அவங்ககிட்ட அதுவரைக்கும் இருந்தது குதிரை. நம்ம ஊர்ல செக்கைச் சுத்தி மாடு நடக்கிற மாதிரி அங்கே குதிரை சுத்தி நடந்து மிஷினை ஓட்டும். “என்கிட்ட இத்தனை குதிரை இருக்கு, அதுக்குப் பதிலா எந்த இன்ஜின் வாங்கணும்?”னுதான் அவங்க கேட்டாங்க.

அதுக்காக வாட் ஒரு அளவு வச்சார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்துல ஒரு அடி தூக்குற பலம் ஒரு குதிரை சக்தி. நம்ம மோட்டார் மேல போட்டிருக்கிற ஹெச்.பி. அதுதான். இன்னிக்குக் கணக்குல ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். பல்பு வாங்கும்போது ‘9 வாட்ஸ்’னு கேட்கிறோமே, அந்த வாட்ஸ் அவர் பேரால வந்தது. ஆக, வாங்குறவங்க ஏமாறாம சரியான அளவு வாங்கணும்ங்கிறதுக்காகவே பிறந்த அளவுதான் ஹெச்.பி.

காந்தமும் கடலை எண்ணெயும்

1831-ல் மைக்கேல் ஃபாரடே என்பவர் கம்பிச் சுருள் பக்கத்துல காந்தத்தை நகர்த்தினா கம்பியில கரண்டு வரும்னு கண்டுபிடிச்சார். அவர் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர், புத்தகம் பைண்டிங் செய்யுற கடையில வேலை செஞ்சவர். உலகத்துல இருக்கிற எல்லா ஜெனரேட்டருக்கும் அடிப்படை அதுதான். அணையில தண்ணி விழுந்து சுத்தினாலும் சரி, அனல்மின் நிலையத்துல நீராவி சுத்தினாலும் சரி, டீசல் இன்ஜின் சுத்தினாலும் சரி, சுத்தணும், அவ்வளவுதான்.

ருடால்ஃப் டீசல் என்கிற ஜெர்மனிக்காரர் 1897-ல் தன் இன்ஜினை நல்லபடியா ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ்ல நடந்த பொருட்காட்சியில ஒரு சின்ன டீசல் இன்ஜினை வேர்க்கடலை எண்ணெயிலேயே ஓட்டினாங்க. நம்ம பக்கம் மானாவாரியில கடலை போடுறவங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க. ஆனா நடந்தது நிஜம்.

நம்ம பக்கம் வெளிச்சம் வந்தது

சென்னை மாகாணத்துல பெரிய அளவுல நீர்மின்சாரம் வந்தது 1932-ல், நீலகிரி பைக்காராவுல. 1937-ல் மேட்டூர் அணையில இருந்து கரண்டு வந்தது. அதே 1937-ல் கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுலேயே செஞ்ச முதல் மோட்டார்னு அதைச் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி வெளிநாட்டு மோட்டார்தான்.

ஆனா கிராமத்துக்குக் கரண்டு வர ரொம்ப நாள் ஆச்சு. சுதந்திரம் வந்த 1947-ல் நாடு முழுக்கச் சுமார் 1500 கிராமத்துலதான் கரண்டு இருந்தது. கரண்டு வராத ஊர்ல அரிசி மில்லும் கிணறும் ஆயில் இன்ஜின்ல ஓடுச்சு. டூரிங் டாக்கீஸ் வந்தா கூடவே இன்ஜினும் வரும். ‘டுபு டுபு’ன்னு சத்தம் கேட்டா படம் ஆரம்பிக்கப் போகுதுன்னு ஜனங்க கிளம்புவாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. ஜெனரேட்டர் நம்ம கிராமத்துக்குப் புதுசு இல்லை. சொல்லப்போனா பல ஊருக்குக் கம்பம் வர்றதுக்கு முன்னாடியே ஜெனரேட்டர் வந்துடுச்சு.

1957 ஜூலை 1-ல் சென்னை மாநில மின்சார வாரியம் ஆரம்பிச்சாங்க. அப்போ நம்ம திருத்தணி சித்தூர் மாவட்டத்தோட ஆந்திராவுல இருந்தது. ம.பொ.சி. ஐயா நடத்தின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போச்சு. முதல்ல செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்தோம். 1997-ல் இருந்து திருவள்ளூர் மாவட்டம்.

எல்லைக் கோடு மாறினாலும் தொழில் மாறலை. இந்தப் பக்கம் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு; அந்தப் பக்கம் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர். எல்லா ஊர்லயும் தறிதான். தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கிட்டே நெய்யிறாங்க. கைத்தறி குறைஞ்சு விசைத்தறி வந்ததும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. கைத்தறிக்குக் காலும் கையும் போதும். விசைத்தறிக்குக் கரண்டு வேணும். கரண்டு நின்னா கூலியும் நின்னுடும்.

2006-ல் இருந்து விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் இலவசம்னு அரசாங்கம் கொடுத்தது. அது 2016-ல் 750 ஆச்சு, 2023-ல் 1000 ஆச்சு. பெரிய உதவிதான். ஆனா இலவச யூனிட் இருந்து என்ன, கம்பியில கரண்டு வந்தால்தானே?

இருட்டு வருஷங்கள்

2008 கடைசியில இருந்து 2014 வரைக்கும் நம்ம மாநிலத்துல கரண்டு கட் இருந்ததை யாரும் மறக்க முடியாது. காரணம் பல. வீட்டுலயும் தொழிற்சாலையிலயும் மிஷின் பெருகுச்சு. அதுக்கு ஈடா புது மின் நிலையம் வரலை, வரவேண்டியதும் தாமதம் ஆச்சு. காற்றாலை இருந்தும் காத்து அடிக்கிற மாசம்தான் கரண்டு. வடக்கே இருந்து வாங்கலாம்னா கொண்டுவர்ற லைன் போதலை. தென் மாநிலங்களோட மின் கட்டமைப்பு நாட்டு மின் கட்டமைப்போட இணைஞ்சதே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் மூலமாத்தான்.

2012-ல் சென்னைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கட். கிராமத்துல பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. நம்ம மாவட்டத்துலயே அத்திப்பட்டு பக்கத்துல வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கு. 1500 மெகாவாட் வள்ளூர் நிலையமும் நம்ம மாவட்டம்தான். அந்த வருஷங்கள்லதான் வள்ளூரும், வடசென்னையோட ரெண்டாம் கட்டமும் ஒவ்வொண்ணா ஓட ஆரம்பிச்சது. அப்புறம்தான் மெல்ல மெல்ல நிலைமை சரியாச்சு.

நான் அந்தச் சமயத்துலதான் கல்யாணமாகி தறி வீட்டுக்கு வந்தேன். கரண்டு நின்னா தறிச் சத்தம் மொத்தமா நின்னு தெருவே ஊமையாகிடும். மாமியார் சும்மா உட்காரமாட்டாங்க. பரண் மேல இருந்த பழைய ராட்டையை இறக்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கையால தார் சுத்துவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா எழுந்து தறி போடணும். விடியற்காலை மறுபடியும் போயிடும். பிள்ளைங்க அந்தச் சத்தத்துலயே தூங்கப் பழகிடுச்சு. கூலி மீட்டர் கணக்கு; கரண்டு இல்லாத நேரத்துக்கு யாரும் கூலி கொடுக்கமாட்டாங்க.

அப்போதான் எல்லாரும் ஜெனரேட்டர் பக்கம் போனாங்க.

எங்க தெருவுல ரெண்டு ஜெனரேட்டர்

எங்க தெருவுல ஆறு தறி வச்சிருந்த ஒரு வீட்டுக்காரர் நகையை அடகு வச்சு 7.5 கே.வி.ஏ. வாங்கினார். ஆறு தறிக்கு ஆறு ஹெச்.பி., 746-ஆல பெருக்கினா நாலரை கிலோவாட்தானே, தாராளமாப் போதும்னு கணக்கு. நாலு தறி வரைக்கும் ஓடுச்சு. அஞ்சாவது போட்டா பல்பு மங்கும், மோட்டார் உறுமும், சுத்தாது. ஒரு மாசத்துல ரெண்டு மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு.

அதைப் பார்த்துட்டு இன்னொருத்தர் எட்டுத் தறிக்கு 40 கே.வி.ஏ. வாங்கிட்டார். “பெருசா இருந்தா எதுக்கும் பயமில்லை”ன்னு சொன்னார். மிஷின் நல்லா ஓடுச்சு. ஆனா நூல் வராத நாள்ல ரெண்டு தறி மட்டும் ஓட்டினாலும் டீசல் ஏறக்குறைய அதே அளவு குடிக்குது. புகைக்குழாயில கரி பிடிச்சு, எண்ணெய் வழிய ஆரம்பிச்சது. ஒரு வருஷத்துல வாங்கின விலையில பாதிக்கு வித்துட்டார்.

ரெண்டு பேரும் உழைப்பாளிங்கதான். ரெண்டு பேருக்கும் தெரியவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: மிஷின் ஓடுறதுக்கு வேணுங்கிற பலம் வேற, கிளம்புறதுக்கு வேணுங்கிற பலம் வேற.

தேர் கிளம்புற கணக்கு

தேர்த் திருவிழாவுல பார்த்திருப்பீங்க. தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது ஊரே வடம் பிடிக்கணும். பின்னாடி நெம்புகோல் போட்டு நெம்பணும். ஒரு சுத்து உருண்டுட்டா அதுல கொஞ்சம் பேர் இழுத்தாலே போகும். மோட்டாரும் அப்படித்தான். சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டர்ல பட்டனை அமுக்கினதும், ஓடும்போது எடுக்கிற கரண்டைப் போல ஆறு, ஏழு மடங்கு சில நொடிக்கு இழுக்கும். வேகம் பிடிச்சதும் இறங்கிடும். இ.பி. லைன் பெருசு, அதனால தாங்கிக்கும். ஜெனரேட்டர் தனி ஆள், தாங்காது. பொதுவா சில நொடிக்குத் தன் அளவைப் போல சுமார் ரெண்டரை மடங்கு வரைக்கும் இழுத்துக் கொடுக்கும். அதுக்கு மேல கேட்டா வோல்டேஜ் விழுந்துடும்.

இன்னொண்ணு கே.வி.ஏ., கிலோவாட் வித்தியாசம். பால் கறந்ததும் செம்பு நிறையத் தெரியும், நுரை அடங்கினா குறைஞ்சிடும் இல்லையா? செம்பு நிறையத் தெரியுறது கே.வி.ஏ., நுரை அடங்கின பால் கிலோவாட். ஜெனரேட்டருக்கு நூத்துக்கு எண்பதுன்னு கணக்கு. 10 கே.வி.ஏ.ன்னா 8 கிலோவாட்.

மூணாவது, மோட்டார்ல எழுதியிருக்கிற ஹெச்.பி. அது வெளியே கொடுக்கிற பலம். உள்ளே வாங்குறது அதைவிட அதிகம், சூடாவும் சத்தமாவும் கொஞ்சம் வீணாப்போகும். அதனால சின்ன மோட்டாருக்கு ஒரு ஹெச்.பி.க்கு ஒரு கே.வி.ஏ.க்குக் கொஞ்சம் மேலன்னு தோராயமா வச்சுக்கலாம்.

மூணு கொட்டகை, மூணு கணக்கு

முதல்ல மசாலாக் கொட்டகை. 5 ஹெச்.பி. அரவை மிஷின் ஒண்ணு, 3 ஹெச்.பி. மிஷின் ஒண்ணு, லைட்டும் ஃபேனும் ஒரு கிலோவாட்.

ஓடும்போது அஞ்சுக்கு 5.5, மூணுக்கு 3.5, லைட்டுக்கு 1. மொத்தம் 10 கே.வி.ஏ. கிளம்பும்போது 5 ஹெச்.பி. மட்டும் சுமார் 33 கே.வி.ஏ. கேட்கும், 3 ஹெச்.பி. சுமார் 21 கேட்கும்.

பலகையில இருக்கிற ஹெச்.பி.யை மட்டும் கூட்டினா 8 ஹெச்.பி., லைட்டோட 7 கிலோவாட். “7.5 கே.வி.ஏ. போதும்”னு வரும். இது ஓடாது.

ரெண்டு மிஷினையும் ஒரே நேரத்துல போடுற வழக்கம் இருந்தா 33-ம் 21-ம் லைட்டும் சேர்த்து 55. ரெண்டரையால வகுத்தா 22. கடையில கிடைக்கிற அளவுல 25 கே.வி.ஏ. வாங்கணும்.

பெரிய மிஷினை முதல்ல போட்டு, அது வேகம் பிடிச்ச அப்புறம் சின்னதைப் போட்டா? முதல்ல 33-ம் லைட்டுக்கு 1-ம் சேர்ந்து 34, ரெண்டரையால வகுத்தா 14-க்குள்ள. அப்புறம் ஓடுற 5.5, லைட்டு 1, கிளம்புற 21 சேர்த்தா 27.5, அதுவும் அடங்கும். 15 கே.வி.ஏ. போதும். ஓடுற 10 கே.வி.ஏ.க்கு மேல கையிருப்பும் இருக்கு.

பாருங்க, அதே கொட்டகை, அதே மிஷின். 7.5, 25, 15னு மூணு பதில். 25-க்கும் 15-க்கும் நடுவுல இருக்கிற விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கிறது, எதை முதல்ல போடணும்ங்கிற ஒரு பழக்கம்தான். சுவிட்ச் பக்கத்துல ‘பெருசு முதல்ல’ன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சாலே போதும்.

ரெண்டாவது தையல் கொட்டகை. பத்து பவர் மிஷின், ஒவ்வொண்ணும் சுமார் 400 வாட்ஸ்னா 4 கிலோவாட். ரெண்டு இஸ்திரிப் பெட்டி 2 கிலோவாட். லைட், ஃபேன் அரை. மொத்தம் ஆறரை கிலோவாட், அதாவது 8 கே.வி.ஏ. கால் பங்கு கையிருப்பு சேர்த்தா 10 கே.வி.ஏ. இஸ்திரிப் பெட்டி கிளம்பும்போது அதிகம் இழுக்காது, ஆனா சூடாகுற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். இ.பி. கரண்டு இருக்கிற நேரத்துல மட்டும் இஸ்திரி போடுறதுன்னு முடிவு பண்ணிட்டா 7.5 கே.வி.ஏ. போதும். தையல் மிஷின் எல்லாம் பொதுவா சிங்கிள் ஃபேஸ். மூணு ஃபேஸ் ஜெனரேட்டர் எடுத்தா மூணுலயும் சமமாப் பிரிச்சு மாட்டச் சொல்லணும். எல்லாத்தையும் ஒரே ஃபேஸ்ல மாட்டினா அந்த ஒண்ணு மட்டும் சூடாகும்.

மூணாவது ஆறு தறி. ஒரு தறி ஓட 1.25 கே.வி.ஏ. வச்சா ஆறுக்கு 7.5. தார் மிஷினும் லைட்டும் ஒன்றரை. மொத்தம் 9. கையிருப்போட 12.5 கே.வி.ஏ. ஆனா ஒவ்வொரு தறியா, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடணும். கரண்டு போனதும் ஆறு தறி சுவிட்சையும் அணைக்காம ஜெனரேட்டரைப் போட்டா, ஆறும் சேர்ந்து 45 கே.வி.ஏ. கேட்கும். அது இன்ஜினையே உட்காரவச்சிடும். எங்க தெருவுல நடந்ததுல பாதி இந்தக் காரணம்தான்.

மாவு மில் மாதிரி 10 ஹெச்.பி. மோட்டார் வச்சிருந்தா ஸ்டார்ட்டரைப் பார்க்கணும். டி.ஓ.எல்.ன்னா 30 கே.வி.ஏ. பக்கம் போகும். ஸ்டார்-டெல்டான்னா கிளம்புற இழுப்பு மூணுல ஒரு பங்காகிடும், 15-லிருந்து 20 கே.வி.ஏ.க்குள்ள முடிஞ்சிடும். ஜெனரேட்டருக்குப் பணம் போடுறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரை மாத்த என்ன செலவாகும்னு கேட்கிறது லாபம்.

இதெல்லாம் நாம வழி தெரிஞ்சுக்கிற தோராயம். கடைசி முடிவை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் மோட்டார் பலகையைப் பார்த்துத்தான் சொல்லணும். ஆனா அவர் சொல்றது சரியான்னு கேள்வி கேட்க நமக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

டீசல் கணக்கு

நல்ல அளவுல லோடு இருந்தா ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 3 யூனிட் வரும். முக்கால் பங்கு லோடுல ஓடினா ஜெனரேட்டருக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது. லோடு மூணுல ஒரு பங்குக்குக் கீழே இறங்கினா டீசல் சரியா எரியாம கரி பிடிக்கும், ஒரு லிட்டர்ல கிடைக்கிற யூனிட்டும் குறைஞ்சிடும். 40 கே.வி.ஏ. வாங்கினவரோட கதை அதுதான்.

2012 செப்டம்பர்ல டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஒரேயடியா ஏறுச்சு. அடுத்த வருஷத்துல இருந்து மாசாமாசம் 50 பைசா ஏத்தினாங்க. லிட்டர் 50 ரூபாய்ன்னே வச்சுப்போம். ஆறு தறிக்கு மணிக்கு 2 லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர், 800 ரூபாய். அதைக் கூலியில கழிச்சா வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அதனாலதான் பல பேர் ஜெனரேட்டர் இருந்தும் ஓட்டாம, ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்தாங்க. இப்போ டீசல் 90 ரூபாய்க்கு மேல. ஒரு யூனிட் 30 ரூபாய்க்கு வருது. வாங்குற விலை ஒரு தடவைதான், டீசல் தினம் தினம்.

உயிர்க் கணக்கு

இதை மட்டும் யாரும் தள்ளிவைக்கக் கூடாது. இ.பி. லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேணும். இல்லைன்னா நம்ம ஜெனரேட்டர் கரண்டு வெளியே கம்பத்துக்குப் போகும். கரண்டு இல்லைன்னு நம்பி மேலே ஏறின லைன்மேன் உயிர் போயிடும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

மூடின அறைக்குள்ள ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாத விஷம். தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. எர்த் சரியாப் போட்டிருக்கான்னு பார்க்கணும். 2005-ல் இருந்து டீசல் ஜெனரேட்டருக்குச் சத்த வரம்பும் உண்டு, ஒரு மீட்டர் தூரத்துல 75 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. அதனாலதான் இப்போ வர்றதெல்லாம் பெட்டிக்குள்ள மூடி வருது. விலை மலிவுன்னு பழைய திறந்த இன்ஜினை வாங்கினா, பக்கத்து வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளை எப்படிப் படிக்கும்? மின் ஆய்வாளர்கிட்ட என்ன அனுமதி வேணும்னும் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

இப்போ நாம என்ன செய்யலாம்

இன்னிக்கு 2012 மாதிரி நிலைமை இல்லை. மாசம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவாங்க. 2016 டிசம்பர்ல வந்த வர்தா மாதிரி புயல் அடிச்சா நாள் கணக்குல போகும். அதனால முதல் கேள்வி ‘எத்தனை கே.வி.ஏ.’ இல்லை. ‘வருஷத்துல எத்தனை மணி நேரம் நமக்கு வேணும்?’ என்பதுதான். வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம்தான்னா, கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரி வாடகைக்கு எடுக்கலாம். ரெண்டு மூணு குழு சேர்ந்து ஒண்ணு வாங்கி நாள் முறை வச்சுக்கலாம். லைட்டுக்கும் ரெண்டு தையல் மிஷினுக்கும் மட்டும்னா இன்வெர்ட்டரே போதும்.

வாங்கத்தான் வேணும்னா, கொட்டேஷன் கேட்கிறதுக்கு முன்னாடி தீர்மான நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி ஆறு விஷயம் எழுதணும்னு கேட்டுக்கிறேன். ஒவ்வொரு மிஷினோட ஹெச்.பி. என்ன? எது டி.ஓ.எல்., எது ஸ்டார்-டெல்டா? எதெல்லாம் ஒரே நேரத்துல ஓடும்? எந்த வரிசையில போடுவோம், யார் போடுவாங்க? வருஷத்துல எத்தனை மணி நேரம்? ஒரு மணி நேர டீசலுக்கு என்ன செலவு, அந்த ஒரு மணி நேரத்துல நமக்கு என்ன வருமானம்? இந்த ஆறுக்கும் பதில் எழுதின அப்புறம் கடைக்காரர் முன்னாடி உட்காருங்க. அவர் “பெருசா வாங்குங்கம்மா, பிரச்சினை இல்லை”ன்னு சொன்னா, “ஏன்?”னு கேட்க நம்ம கையில நோட்டு இருக்கும்.

நமக்குக் கணக்கு புதுசு இல்லை. 1989-ல் தர்மபுரியில குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துல இருந்து தமிழ்நாட்டுப் பெண்கள் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாத்தையும் பைசா விடாம எழுதிப் பழகியிருக்கோம். நகையை அடகு வச்சு 7.5 வாங்கினவர் வீட்டுல அந்த நகை அவர் மனைவியோடது. தறி, மோட்டார், கே.வி.ஏ. எல்லாம் ஆம்பளைங்க விஷயம்னு விட்டதால, நகை கொடுத்தவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை, அவங்களும் கேள்வி கேட்கலை. இனிமே நம்ம கையெழுத்துல வாங்குற கடனுக்கு, மிஷின் பலகையையும் நாமே படிச்சுப் பார்த்துடுவோம்.